இராணுவ நீதிமன்றமும் சட்டச் சீர்திருத்தமும்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டொக்யார்டில் கடற்படை, சீனக்குடாவில் விமானப்படை, பிரெட்ரிக் கோட்டைக்குள் இராணுவம். கோணேசரைக் கும்பிடப் போகிறவர்கூடப் படையினரைக் கடந்துதான் மலையேற வேண்டும். படையினர் குற்றம் செய்தால் அவர்களை யார் விசாரிப்பது என்ற கேள்வி இந்த ஊரில் சட்டக் கல்லூரிக் கேள்வியாக வருவதில்லை. பிள்ளையை இழந்த வீட்டாரும் கேட்கிறார்கள், பிள்ளையைப் படைக்கு அனுப்பிய வீட்டாரும் கேட்கிறார்கள். சட்டத்தரணி என்ற முறையில் என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இவை பொதுவான விளக்கங்கள்தான். சொந்த வழக்கு இருப்பவர்கள் கையிலுள்ள கடிதங்களோடு ஒரு சட்டத்தரணியை நேரில் பாருங்கள்.

இராணுவ நீதிமன்றம் என்றால் என்ன? அங்கே நீதிபதி யார்?

நீதிபதி என்று தனியாக ஒருவர் இல்லை. சீருடை அணிந்த அதிகாரிகளே வழக்கைக் கேட்டு, குற்றவாளியா இல்லையா என்று தீர்மானிக்கிறார்கள். சட்ட விடயங்களை எடுத்துச் சொல்ல ஒரு சட்ட அதிகாரி பக்கத்தில் அமர்வார். ஆனால் தீர்ப்பு அவருடையது அல்ல.

இதற்கு அடித்தளம் மூன்று சட்டங்கள்: 1949ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க இராணுவச் சட்டம், அதே ஆண்டின் 41ஆம் இலக்க விமானப்படைச் சட்டம், 1950ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் கடற்படைச் சட்டம். சுதந்திரம் கிடைத்த கையோடு, பிரித்தானியப் படைச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டவை. திருகோணமலைத் தளத்தைப் பிரித்தானியக் கடற்படை 1957இல்தான் ஒப்படைத்தது. அதாவது நம்முடைய கடற்படைச் சட்டத்தின் வயது, நம்முடைய தளத்தின் வயதைவிட அதிகம்.

சின்னத் தவறுகள் இராணுவ நீதிமன்றம்வரை போவதில்லை. கட்டளை அதிகாரி தன் மேசைக்கு முன்னால் நிறுத்திச் சுருக்கமுறையில் விசாரித்துத் தண்டனை கொடுப்பார். படையில் இருப்பவர்களுக்கு அன்றாடம் தெரிந்த ‘நீதி’ அதுதான். பெரிய இராணுவ நீதிமன்றத்தைப் பத்திரிகையில் மட்டும் பார்த்தவர்களே அதிகம்.

சிப்பாய் ஒருவர் எங்கள் ஆளைச் சுட்டால், அந்த வழக்கு இராணுவ நீதிமன்றத்துக்கா போகும்?

போகத் தேவையில்லை. மக்கள் அதிகம் பிழையாக விளங்கி வைத்திருப்பது இதைத்தான். படைச் சட்டம் சாதாரண நீதிமன்றத்தின் அதிகாரத்தைப் பறிக்கவில்லை. கொலை, கற்பழிப்பு, கடத்தல், சித்திரவதை எதுவானாலும் பொலிஸ் கைது செய்யலாம், நீதவான் விளக்கமறியலில் வைக்கலாம், சட்டமா அதிபர் மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யலாம். சித்திரவதைக்கென்றே 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் குற்றவாளியானால் ஆகக் குறைந்தது 7 ஆண்டுச் சிறை.

இந்தியாவில் நிலைமை வேறு. ஆயுதப்படை விசேட அதிகாரச் சட்டம் நடைமுறையிலுள்ள பகுதிகளில் சிப்பாய் மீது வழக்குப் போட மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். அந்தச் செய்திகளைப் படித்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைப்பவர்கள் உண்டு. இலங்கையில் அப்படியான பொது முன் அனுமதி விதி இல்லை.

அதற்காகக் கதவு அகலத் திறந்திருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, ‘நல்லெண்ணத்துடன்’ செய்த காரியங்களுக்கு வழக்குப் போட முடியாது என்கிறது. 1982இல் வந்து 1988இல் திருத்தப்பட்ட இழப்பெதிர்காப்புச் சட்டம், 1977 ஆகஸ்ட் 1 முதல் 1988 டிசம்பர் 16 வரையான காலத்துக்கு அப்படியொரு காப்பைத் தருகிறது. எண்பதுகளில் நடந்தவற்றைப் பற்றிக் கேட்டு வருகிற மூத்தவர்களுக்கு இதைச் சொல்லும்போது எனக்கே நாக்குக் கூசும்.

“முகாமிலேயே தண்டனை கொடுத்தாயிற்று” என்கிறார்கள். வழக்கு முடிந்ததா?

முடியவில்லை. ஒழுக்காற்றுத் தண்டனை வேறு, குற்றவியல் வழக்கு வேறு. சம்பளத்தை வெட்டினோம், இடமாற்றம் செய்தோம், பதவியைக் குறைத்தோம் என்பதெல்லாம் அவர்கள் வீட்டு விவகாரம். நீங்கள் பொலிஸில் கொடுத்த முறைப்பாட்டை அது கரைத்துவிடாது.

‘விசாரணைச் சபை’ என்று இன்னொன்றும் உண்டு. ஏதாவது நடந்தால் தளபதி அதிகாரிகளைக் கொண்டு ஒரு சபை அமைப்பார். அது தகவல் திரட்டும் சபை. யாரையும் குற்றவாளி என்று தீர்க்கும் அதிகாரம் அதற்கு இல்லை. கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2012இல் இராணுவம் அப்படியொரு சபையை நியமித்தது. அது 2013இல் தன் முதல் பகுதி அறிக்கையில் இராணுவத்தின் மேல் பழியில்லை என்று முடித்தது. தன் கையே தன்னை விசாரித்தால் வேறெதை எதிர்பார்ப்பது?

சாதாரண நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறதென்றால், சீர்திருத்த என்ன மிச்சம்?

சாட்சியம். என் கருத்தில் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டியது இதுதான்.

யார் எந்தக் காவலரணில் கடமையில் இருந்தார், எந்த இலக்கத் துவக்கு யாரிடம் கொடுக்கப்பட்டது, எத்தனை ரவை திரும்பி வந்தது, எந்த வாகனம் எத்தனை மணிக்கு வாசலைத் தாண்டியது, தொலைத்தொடர்புப் பதிவில் என்ன இருக்கிறது. கொலை வழக்கொன்றை நிலைநிறுத்தும் விடயங்கள் இவை. அத்தனையும் முகாமுக்குள் இருக்கும் பதிவேடுகளில் எழுதப்படுகின்றன. அந்தப் பதிவேட்டின் சாவி, விசாரிக்கப்படுகிறவரின் மேலதிகாரியிடம் இருக்கிறது. பொலிஸ் கேட்டால் ‘தேசிய பாதுகாப்பு’ என்ற பதில் வரும், இல்லாவிட்டால் ‘பழைய பதிவேடு, அழிக்கப்பட்டுவிட்டது’ என்ற பதில் வரும்.

முள்ளிவாய்க்கால் முடிவில் இராணுவத்திடம் சரணடைந்து காணாமல்போனவர்களின் ஆட்கொணர்வு மனுக்களில் இதைக் கண்முன்னே பார்த்தோம். அந்தக் குடும்பங்களில் திருகோணமலையோடு தொடர்புள்ளவர்களும் உண்டு. முல்லைத்தீவு நீதவான் விசாரணையில், சரணடைந்தவர்களின் பட்டியல் இருக்கிறது என்று இராணுவ அதிகாரி ஒருவர் சொன்னார். கொண்டுவரச் சொல்லி உத்தரவிட்டபோது வந்து சேர்ந்தது புனர்வாழ்வு பெற்றவர்களின் பட்டியல். பொய் சொன்னதற்கோ ஆவணத்தை மறைத்ததற்கோ உடனடி விளைவு எதுவும் இல்லை.

ஆகவே சட்டத்தைத் திருத்த உட்காருகிறவர்கள் முதலில் எழுத வேண்டிய பிரிவு பதிவேடுகளைப் பற்றியது. எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும், நீதவானின் கட்டளை வந்தால் எத்தனை நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும், ஒப்படைக்காத கட்டளை அதிகாரிக்குத் தனிப்பட்ட முறையில் என்ன தண்டனை. புதிய நீதிமன்றக் கட்டடத்தைவிட இந்த மூன்று வரிகள் அதிகம் சாதிக்கும்.

குமாரபுரம் வழக்கு இராணுவ நீதிமன்றத்திலா விடுபட்டது?

இல்லை. சாதாரண மேல் நீதிமன்றத்தில், ஜூரி சபை முன்னால்.

1996 பெப்ரவரி 11ஆம் திகதி கிளிவெட்டிக்குப் பக்கத்திலுள்ள குமாரபுரத்தில் பெண்கள், சிறுவர்கள் உட்பட 24 பேர் கொல்லப்பட்டார்கள். வழக்கு திருகோணமலையிலிருந்து அநுராதபுரத்துக்கு மாற்றப்பட்டது. 20 ஆண்டுகள் கழித்து, 2016 ஜூலை 27ஆம் திகதி, முன்னாள் கோப்ரல்கள் ஆறு பேரும் விடுதலையானார்கள்.

பயணத்தை எண்ணிப் பாருங்கள். மூதூர்ப் பக்கத்துக் கமக்காரர் ஒருவர் கூலி நாளை விட்டுவிட்டு, பஸ் மாறி மாறி, வேறு மொழி பேசும் நகரத்துக்குப் போய், சீருடைக்காரரைப் பார்த்துக் கைநீட்டி அடையாளம் காட்ட வேண்டும். பாதுகாப்புக் காரணம் சொல்லி வழக்கை மாற்றுகிறார்கள். சாட்சியின் பாதுகாப்பு அந்தக் கணக்கில் எங்கே வருகிறது? ஜூரி விசாரணையில் ஏழு பேர் அமர்வார்கள், எந்த மொழி பேசுகிறவர்களிலிருந்து அவர்களைத் தெரிவது என்பதில் எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, தெரிவுரிமை உண்டு. கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கு அப்படி எந்த உரிமையும் இல்லை. மட்டக்களப்பு மாவட்டத்து மயிலந்தனைப் படுகொலை வழக்கும் கொழும்பில் ஜூரி முன்னால் விடுதலையில்தான் முடிந்தது. படையினர் எதிரியாக உள்ள இன வன்முறை வழக்குகளில் ஜூரியை விட்டுவிட்டு மூன்று நீதிபதிகள் கொண்ட ட்ரயல் அட் பார் முறையை வழக்கமாக்க வேண்டும் என்பது என் கருத்து. என்னோடு வேலை செய்கிற சிலர் இதை ஏற்பதில்லை, ஜூரி மக்களின் உரிமை என்பார்கள். எந்த மக்கள் என்று நான் கேட்பேன்.

கடற்கரையில் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்கள்? மூதூர்த் தொண்டு ஊழியர்கள்?

2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அதில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் விசேட அதிரடிப்படையினர். அதிரடிப்படை பொலிஸின் ஒரு பகுதி, ஆகவே இராணுவ நீதிமன்றம் அங்கே பேச்சுக்கே வராது. 2013இல் பன்னிரண்டு அதிரடிப்படையினரும் ஒரு பொலிஸ் அதிகாரியும் கைதானார்கள். 2019 ஜூலை 3ஆம் திகதி, போதிய சாட்சியம் இல்லை என்று 13 பேரும் நீதவான் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார்கள்.

ஏன் சாட்சியம் இல்லாமல் போனது? முதலில் குண்டு வெடித்து இறந்ததாகச் சொல்லப்பட்டது. துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டும் படங்களை எடுத்து வெளிக்கொண்டுவந்த பத்திரிகையாளர் சுகிர்தராஜன், அதே மாதம் 24ஆம் திகதி இதே நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். சாட்சிகள் பலர் நாட்டை விட்டே போனார்கள். சாட்சிகளைப் பாதுகாக்கும் சட்டம் 2015இல்தான் வந்தது, 2023இல் புதிய சட்டமாக மாற்றி எழுதப்பட்டது. தூர இடத்திலிருந்து காணொளி வழியாகச் சாட்சி சொல்ல இப்போது வழியிருக்கிறது. 2006இல் அது இருந்திருந்தால் என்று நினைப்பதோடு நிற்க வேண்டியதுதான்.

மூதூரில் 2006 ஆகஸ்ட் 4ஆம் திகதி பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் ஊழியர்கள் 17 பேர் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கு மூதூரிலிருந்து அநுராதபுரத்துக்குப் போனது, பிறகு கந்தளாய்க்கு வந்தது. இரண்டையும் விசாரித்த உடலாகம ஆணைக்குழுவின் அறிக்கை 2015 ஒக்டோபரில்தான் பாராளுமன்றத்துக்கு வந்தது. மூதூர்க் கொலைக்காக இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

டொக்யார்டுக்குள் இருந்ததாகச் சொல்லப்படும் ‘கன் சைட்’ பற்றி?

2008, 2009 காலப்பகுதியில் கொழும்பிலும் சுற்றுப்புறங்களிலும் 11 பேர் கடத்தப்பட்டார்கள். அவர்கள் திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குள் அந்தப் பெயருடைய இடத்தில் தடுத்து வைக்கப்பட்டிருந்ததாகக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்தில் சொன்னது. வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய ஐ.நா. செயற்குழு 2015 நவம்பரில் இலங்கைக்கு வந்தபோது, அந்த இடத்தையும் போய்ப் பார்த்தது.

கவனிக்க: கடத்தப்பட்டவர்களில் எல்லா இனத்தவரும் இருந்தார்கள், நோக்கம் கப்பம் என்பது விசாரணையாளர் நிலைப்பாடு. 2019இல் முன்னாள் கடற்படைத் தளபதி ஒருவர் உட்பட 14 பேருக்கு எதிராக ட்ரயல் அட் பார் முன்னால் குற்றப்பத்திரிகை போனது. 2021இல் அந்த முன்னாள் தளபதி மீதான குற்றச்சாட்டுகளைத் தொடரப் போவதில்லை என்று சட்டமா அதிபர் அறிவித்தார்.

இதில் இன்னொரு சீர்திருத்தம் தெரிகிறது. சட்டமா அதிபர் அரசாங்கத்தின் சட்ட ஆலோசகர். படையினருக்காக நீதிமன்றத்தில் தோன்றுபவரும் பெரும்பாலும் அவருடைய திணைக்களத்தவர்தான். படையினர் மீது வழக்குத் தொடுப்பதா என்று தீர்மானிப்பவரும் அவரே. வழக்குத் தொடுக்கும் பணியைத் தனி அலுவலகமாகப் பிரித்தெடுக்க வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக இருக்கிறது. அது வராமல் படைச் சட்டத்தை மட்டும் திருத்தி அதிகம் ஆகப் போவதில்லை.

தண்டனை கிடைத்த வழக்கே இல்லையா?

இருக்கிறது. 1971 ஏப்ரலில் கதிர்காமத்தில் பிரேமவதி மனம்பேரி கொல்லப்பட்ட வழக்கில் ஒரு லெப்டினன்டும் ஒரு சார்ஜன்டும் சாதாரண நீதிமன்றத்தில் 16 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்கள். 1996இல் யாழ்ப்பாணத்தில் மாணவி கிருசாந்தி குமாரசுவாமியும் அவரைத் தேடிப் போனவர்களும் கொல்லப்பட்ட வழக்கில், 1998இல் ட்ரயல் அட் பார் மரண தண்டனை விதித்தது. தண்டனை பெற்றவர்களில் ஒருவர்தான் செம்மணிப் புதைகுழிகளைப் பற்றி முதலில் வாய் திறந்தார்.

மிருசுவில் வழக்கை எல்லோரும் கேட்பார்கள். 2000 டிசம்பரில் ஐந்து வயதுப் பிள்ளை உட்பட எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள், தப்பி ஓடிய ஒருவரின் சாட்சியத்தால் வழக்கு நின்றது. 2015 ஜூனில் சார்ஜன்ட் ஒருவருக்கு மரண தண்டனை, 2019இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது, 2020 மார்ச்சில் ஜனாதிபதி மன்னிப்புக் கொடுத்து வெளியே விட்டார். பதினைந்து ஆண்டு வழக்கு ஒரு கையெழுத்தில் போனது.

மன்னிப்பு என்பது கேள்வி கேட்க முடியாத வரம் என்ற நிலை இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது. அரசியல்வாதி ஒருவருக்கு வழங்கிய மன்னிப்பை 2024 ஜனவரியில் உயர் நீதிமன்றம் ரத்துச் செய்தது. அந்த வாதங்களைப் படையினர் வழக்குகளிலும் கொண்டுபோகலாம்.

“மேலிடத்து உத்தரவு” என்று சிப்பாய் சொன்னால் தப்பலாமா?

முடியாது. மனம்பேரி வழக்கிலேயே அந்த வாதம் எடுபடவில்லை. வெளிப்படையாகவே சட்டவிரோதமான கட்டளைக்குக் கீழ்ப்படிந்தவர் குற்றவாளிதான்.

மறுபக்கம்தான் ஓட்டை. உத்தரவிட்டவரை உடந்தை, சதி என்ற பிரிவுகளில் பிடிக்கலாம். உத்தரவிடாமல், தெரிந்துகொண்டே தடுக்காமல் இருந்த தளபதியைப் பிடிக்கக் கட்டளைப் பொறுப்பு என்ற கோட்பாடு தண்டனைச் சட்டக்கோவையில் இல்லை. அதனால் கூண்டில் நிற்பவர்கள் பெரும்பாலும் கோப்ரல்களும் சார்ஜன்டுகளும்தான். குமாரபுரம் வழக்கில் எந்தப் பதவிக்காரர்கள் நின்றார்கள் என்று மேலே பார்த்தீர்கள்.

முன்னாள் இராணுவத் தளபதி சரத் பொன்சேகாவை இராணுவ நீதிமன்றம்தானே தண்டித்தது? அது சரியா?

தமிழர் பலருக்கு இந்தக் கேள்வியில் ஒருவிதத் திருப்தி கலந்திருக்கும். ஆனால் சட்டம் படிக்க அருமையான வழக்கு.

ஜனாதிபதித் தேர்தலில் தோற்ற சில நாட்களில், 2010 பெப்ரவரி 8ஆம் திகதி அவர் கைதானார். சீருடையில் இருந்தபோதே அரசியல் செய்தார் என்று முதலாவது இராணுவ நீதிமன்றம் ஆகஸ்டில் பதவியையும் பதக்கங்களையும் பறித்தது. கொள்வனவு முறைகேடு என்று இரண்டாவது செப்டெம்பரில் தண்டித்தது, 30 மாதச் சிறை. தண்டனையை உறுதி செய்ய வேண்டியவர் ஜனாதிபதி. அதாவது தேர்தலில் அவருக்கு எதிரே நின்றவர். பாராளுமன்ற ஆசனமும் பறிபோனது. இராணுவ நீதிமன்றம் அரசியலமைப்பு சொல்லும் ‘நீதிமன்றம்’ ஆகுமா என்ற கேள்வி உயர் நீதிமன்றத்துக்குப் போக, ஆகும் என்று 2011 ஜனவரியில் தீர்ப்பு வந்தது.

ஆகும் என்றால், நீதிமன்றத்துக்குரிய சுதந்திரமும் அதற்கு இருக்க வேண்டும் அல்லவா? ஆசனத்தைப் பறிக்கும்போது நீதிமன்றம், சுதந்திரத்தைக் கேட்கும்போது ஒழுக்காற்றுச் சபை என்று இரண்டு வேடம் போட முடியாது. 2012இல் அவர் விடுதலையானார், 2015இல் முழு மன்னிப்பும் பீல்ட் மார்ஷல் பதவியும் கிடைத்தன. ஒரே மனிதரை ஐந்து ஆண்டுக்குள் கீழே தள்ளவும் மேலே தூக்கவும் முடிந்ததென்றால் நீதி யாருடைய பேனாவில் இருந்தது என்று சொல்லத் தேவையில்லை.

என் மகன் நேவியில் இருக்கிறான். அவன் மேல் குற்றச்சாட்டு வைத்திருக்கிறார்கள். தண்டனை விழுந்தால் மேன்முறையீடு செய்யலாமா அண்ணே?

சாதாரண எதிரிக்கு இருப்பதுபோல, சாட்சியத்தை மறுபடி அலசும் மேன்முறையீடு கிடையாது. மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை (ரிட்) மனுப் போடலாம், அடிப்படை உரிமை மீறப்பட்டிருந்தால் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே முக்கியமாகப் பார்ப்பது நடைமுறை சரியா, அதிகாரம் இருந்ததா என்பதைத்தான். ‘சாட்சி பொய் சொன்னார்’ என்று அங்கே வாதாடி வெல்வது மிகக் கடினம்.

பிள்ளையிடம் சொல்லுங்கள்: வாசிக்க விளங்காத எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்கக் கூடாது. சிங்களம் பேசத் தெரியும் என்பதற்காகச் சட்டச் சிங்களமும் விளங்கும் என்றில்லை. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று ஆரம்பத்திலேயே எழுத்தில் கேட்க வேண்டும். இராணுவ நீதிமன்றம் என்றால் வெளிச் சட்டத்தரணியை வைக்கலாம். கட்டளை அதிகாரியின் சுருக்கமுறை விசாரணையில் வழக்கமாகச் சட்டத்தரணி இருப்பதில்லை, ஆகவே அதற்கு முதல் நாளே ஒருவரோடு பேசிவிடுவது நல்லது.

சிப்பாயின் உரிமையைப் பற்றிப் பேசினால் நம் ஆட்கள் சிலருக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் கட்டளை அதிகாரியின் சொல்லுக்கு எதிராகச் சிப்பாய்க்கு ஒரு நீதிமன்றமும் இல்லையென்றால், தன் முகாமில் நடந்த கொலையைப் பற்றி அவன் ஒருநாளும் சாட்சி சொல்ல வரமாட்டான். அவனுக்கு மேன்முறையீடு கேட்பது நம்முடைய தேவையும்தான்.

மற்ற நாடுகள் என்ன செய்தன?

நமக்குச் சட்டம் கொடுத்த பிரித்தானியாவே அதைக் கைவிட்டுவிட்டது. போக்லாந்துப் போரில் சண்டையிட்ட பின்லே என்ற சிப்பாய் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1997இல் தீர்ப்புச் சொன்னது: நீதிமன்றத்தைக் கூட்டுகிற அதிகாரியே தனக்குக் கீழுள்ளவர்களை உறுப்பினர்களாக நியமித்து, தண்டனையையும் தானே உறுதி செய்தால் அது சுதந்திரமான நீதிமன்றம் ஆகாது. தீர்ப்பு வருமுன்பே, 1996இல், பிரித்தானியா சட்டத்தைத் திருத்தத் தொடங்கியது. 2006ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று படைகளுக்கும் ஒரே நிரந்தர நீதிமன்றத்தைத் தந்தது. வழக்குத் தொடுக்கத் தனிப் பணிப்பாளர், சட்டம் சொல்லச் சிவில் நீதிபதிகள். பின்லே வழக்கில் பிழை என்று சொல்லப்பட்ட கட்டமைப்பையும் பொன்சேகா வழக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இந்தியா 2007இல் சட்டம் இயற்றி ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தை அமைத்தது, சென்னையிலும் அதற்கு ஓர் அமர்வு உண்டு. சிப்பாய்க்கு மேன்முறையீடு கிடைத்தது. பொதுமக்களுக்கு அதனால் பயன் குறைவு. மெக்சிக்கோ வேறு திசையில் போனது: பொதுமக்களுக்கு எதிரான குற்றங்களை 2014இல் இராணுவ நீதிமன்றங்களிடமிருந்து எடுத்துச் சாதாரண நீதிமன்றங்களுக்குக் கொடுத்தது. அமெரிக்காவில் பாலியல் வன்முறை உட்படப் பாரதூரமான குற்றங்களில் வழக்குப் போடுவதா என்ற முடிவு 2023 டிசம்பர் முதல் கட்டளை அதிகாரிகளின் கையில் இல்லை. எல்லோரும் முன்னேறுகிறார்கள் என்று எண்ண வேண்டாம். பாகிஸ்தானில் சிவிலியன்களை இராணுவ நீதிமன்றம் விசாரிப்பது செல்லாது என்று 2023இல் சொன்ன தீர்ப்பு, 2025 மே மாதம் தலைகீழாக்கப்பட்டது.

அப்படியானால் இராணுவ நீதிமன்றங்களையே ஒழித்துவிடலாமே?

பிரான்ஸ் சமாதான காலத்து இராணுவ நீதிமன்றங்களை 1982இல் ஒழித்தது. ஜெர்மனியும் அவை இல்லாமல்தான் படை வைத்திருக்கிறது. ஆகவே முடியாத காரியம் இல்லை. இங்கே அதை முதல் கோரிக்கையாக வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கொழும்பில் எந்த அரசாங்கம் வந்தாலும் ‘படைவீரரைக் காட்டிக்கொடுக்கிறார்கள்’ என்ற ஒரு கூச்சலில் அது அடிபட்டுப் போகும். கடமைக்கு வராதது, கட்டளையை மீறியது, ஆயுதத்தைத் தொலைத்தது போன்றவற்றைப் படையே விசாரிக்கட்டும். பொதுமகன் ஒருவர் பாதிக்கப்பட்டால் அந்தக் கோப்பு முகாமுக்குள் ஒரு நாள்கூடத் தங்கக் கூடாது. இராணுவ நீதிமன்றங்கள் பற்றி 2006இல் ஐ.நா.வில் முன்வைக்கப்பட்ட கோட்பாடுகளும் பாரதூரமான மனித உரிமை மீறல்களைச் சாதாரண நீதிமன்றத்துக்கே ஒதுக்குகின்றன.

சாதாரண பொதுமகனை இங்கே இராணுவ நீதிமன்றம் விசாரிக்க முடியுமா?

இன்றைய நடைமுறையில் இல்லை. 1915 கலவரத்தின்போது பிரித்தானியர் படை ஆட்சியை (மார்ஷல் லோ) அறிவித்து அப்படிச் செய்தார்கள். கொழும்பு நகரக் காவற்படையில் இருந்த ஹென்றி பேதிரிஸ் அந்த நாட்களில்தான் இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி சுட்டுக் கொல்லப்பட்டார்.

லீவில் வந்த பிள்ளை திரும்பிப் போகவில்லை. என்ன ஆகும்?

அது படைச் சட்டக் குற்றம், பொலிஸும் பிடிக்கும். அவ்வப்போது பொதுமன்னிப்புக் காலம் அறிவிப்பார்கள். 2024இல் ஏப்ரல் 20 முதல் மே 20 வரை அப்படி அறிவித்தார்கள். அடுத்தது வரும் என்று காத்திருந்து வயதைக் கழிப்பதைவிடச் சட்டத்தரணி மூலம் ஆஜராவது மேல்.

கடற்படை பிடித்து வைத்திருக்கும் காணிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

இல்லை. அது மாவட்டச் செயலகம், காணிச் சட்டம், எழுத்தாணை மனு என்று வேறு பாதை.

வெளிநாட்டில் ஐ.நா. பணியில் குற்றம் செய்தவர்கள்?

அங்குள்ள நீதிமன்றம் தொட முடியாது, அனுப்பிய நாடே விசாரிக்க வேண்டும். ஹெய்ட்டியில் சிறுமிகள் மீதான பாலியல் குற்றச்சாட்டில் 2007இல் நூற்றுக்கு மேற்பட்ட இலங்கைப் படையினர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். படைக்குள்ளே நடந்த விசாரணைகளோடு அது அடங்கிப்போனது. அந்தச் சிறுமிகளில் ஒருவர்கூட இலங்கை நீதிமன்றம் ஒன்றில் சாட்சிக் கூண்டேறியதாக நான் கேள்விப்படவில்லை.

இன்றைக்கு ஒரு சம்பவம் நடந்தால் முதல் வாரத்தில் என்ன செய்ய வேண்டும்?

பொலிஸில் முறைப்பாடு போட்டு இலக்கத்தை வாங்குங்கள். ஏற்க மறுத்தால், மறுத்த நேரத்தையும் மறுத்தவரின் பதவியையும் எழுதிவைத்து, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். காயம் இருந்தால் அரச வைத்தியசாலையில் சட்ட வைத்திய அதிகாரி பார்க்க வேண்டும். தனியார் மருந்தகத்தில் மருந்து கட்டிவிட்டு வந்தால் வழக்கு பாதி போனது.

அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் தவணை. கொழும்புக்கு ஓட முடியாதவர்கள் அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகத்தில் முறைப்பாடு கொடுங்கள். அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் தவணையில் சேராது. ஆணைக்குழுவின் அவசர இலக்கம் 1996. ஆள் காணாமல்போனால் ஆட்கொணர்வு மனுவைக் கொழும்பில் மட்டுமல்ல, மாகாண மேல் நீதிமன்றத்திலும் போடலாம். காசில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள்.

வாகன இலக்கம், சீருடையின் நிறம், தோளில் இருந்த பட்டி, பேசிய மொழி, நேரம் எல்லாவற்றையும் அன்றிரவே எழுதித் திகதியிட்டுக் கையெழுத்து வையுங்கள். முகாமிடமிருந்து எந்தப் பதிவேட்டைப் பாதுகாக்கக் கட்டளை கேட்க வேண்டும் என்று உங்கள் சட்டத்தரணிக்கு அந்தத் தாள்தான் காட்டும். நீதவானிடம் முதல் தவணையிலேயே அதைக் கேட்கச் சொல்லுங்கள். படமோ காணொளியோ எடுத்த போனை விற்கவும் வேண்டாம், அழித்துப் புதுப்பிக்கவும் வேண்டாம். வட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதியை எதிர்த்தரப்புக் கேள்விக்குள்ளாக்கும், மூலப் பதிவு அந்த போனில்தான் இருக்கிறது.